புறாவுக்குக் கட்டிய டிஸ்க்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் பக்கத்தில் 'ஒத்தை டிஸ்க்' என்று பெயர். யார் வைத்தார்களோ, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மாமா படக் கடை வைத்திருந்தார். வாடகைக்கும் கொடுப்பார், விற்கவும் விற்பார். ஓரளவு பெயர் பெற்ற படமென்றால் இரண்டு டிஸ்க்காக வரும். முதலாவதில் படம். இரண்டாவதில் போனஸ் என்று ஒரு மூட்டை: படம் எடுத்த கதை, வெட்டிப் போட்ட காட்சிகள், இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது. பெட்டியைப் பிரித்ததும் மாமா செய்கிற முதல் வேலை, அந்த இரண்டாவதை உருவிக் காலடியில் இருக்கும் சாக்கில் போடுவதுதான். பிறகு முதல் டிஸ்க்கை ஒல்லியான பெட்டிக்கு மாற்றுவார். அலமாரியில் இடம் மிச்சம்.

யாராவது விவரமான ஆள் வந்து கேட்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

"என்னண்ணே, அட்டையில ரெண்டு டிஸ்க்னு போட்டிருக்கு, உள்ள ஒண்ணுதானே இருக்கு?"

"விருந்துக்குப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க? உக்காந்து சாப்பிடுவீங்களா, இல்ல அடுப்படியில போய் வெங்காயம் உரிக்கிறதைப் பாத்துட்டு நிப்பீங்களா?"

கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மாமா ஏதோ பெரிய வழக்கில் ஜெயித்த மாதிரி எங்களைப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த போனஸ் சமாச்சாரங்களில் பெரிய மரியாதை கிடையாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவள். எனக்கு யாராவது கேமராவை நீட்டி 'இந்த வில்லையை எப்படித் தேய்த்தீர்கள்' என்று கேட்கிறார்களா என்ன?

சாக்கு நிறைந்தால் பழைய பொருள் எடுப்பவர் வந்து தூக்கிப் போவார். கல்யாணமான புதிதில் ஒருமுறை, அவர் வருவதற்குள் அக்கா சாக்கில் கையை விட்டு ஒரு கட்டு டிஸ்க்கைப் பொறுக்கிக்கொண்டாள். வீடு மூன்றாவது மாடி, பால்கனி முழுக்கப் புறா எச்சம். நைலான் நரம்பில் டிஸ்க்குகளைத் தொங்கவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொடி மாதிரி கட்டிவிட்டாள். காற்றடித்தால் அவை சுழன்று பளிச்சிடும். புறாக்கள் ஒரு வாரம் எதிர்வீட்டில் உட்கார்ந்து யோசித்தன, பிறகு வரவில்லை. "உங்க குப்பை கூட என் கைக்கு வந்தா உருப்படுது பாத்தீங்களா" என்றாள் மாமாவிடம்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் படப்பிடிப்புகளில் உடைப் பிரிவில் தையல் வேலை பார்த்தாள். புதுச் சட்டை தைப்பது மாஸ்டர் வேலை. கிழிந்ததை, பிரிந்ததை, நடிகர் சாப்பிட்டுவிட்டு வந்ததும் வயிற்றில் இறுக்குவதை நின்ற இடத்திலேயே சரி செய்வது அவள் வேலை. வீட்டில் இருந்த மொத்தக் கோபத்தையும் நான் எடுத்துக்கொண்டேன், மொத்தப் பொறுமையையும் அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் அவளிடம் ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. எதையும் கையில் நீட்டிக் கொடுக்க மாட்டாள். உன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, நீ எப்போது பார்ப்பாய் என்று காத்துக்கொண்டிருப்பாள். எனக்கு ஒரு பாவாடை தைத்தாள் என்றால் அதில் எங்கோ ஒரு கள்ளப் பை இருக்கும், அதற்குள் ஒரு மிட்டாய் இருக்கும். மாமாவுக்கு ஒரு தடவை நீலச் சட்டை தைத்து, பழைய சட்டைகளுக்கு நடுவே மாட்டிவைத்தாள். தினமும் அதைத் தள்ளிவிட்டுப் பக்கத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார் மனிதர். மழைக்காலம் வந்து மற்றதெல்லாம் காயாமல் போனபோதுதான் "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார். அவள் அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்னடி?" என்று நான் கத்துவேன்.

"சொல்லிட்டா அதுல என்ன இருக்கு? அவரா பாக்கணும்" என்பாள்.

அவள் இறந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. தலைக்குள் கட்டி. ஒரு நாள் காலை தையல் மிஷின்மேலேயே சாய்ந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாமாவைக் கேட்டார்: "இது இன்னிக்கு நேத்து வந்தது இல்லையே. ரொம்ப முன்னாடியே கை மரத்துப் போறது, ஊசி நழுவுறதுன்னு ஏதாவது இருந்திருக்கணும். உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலிலிருந்து அவர் வெளியே வரவே இல்லை. காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகும், கடையில் உட்கார்ந்திருக்கும்போதும், சாப்பிடும்போதும் ஒரே பேச்சு. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. நான் யாரோவா?" அவள் போனதைவிட அவள் சொல்லாமல் போனதுதான் அவரை அரித்தது. எனக்கு அவர்மேல் இரக்கமும் வரும், எரிச்சலும் வரும். இறந்தவளிடம் சண்டை பிடிப்பவரை என்ன செய்வது? நானும் அவளிடம் மனதுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகுதான் அந்த வெளிச்சம் பற்றிச் சொன்னார்.

கடையில் வியாபாரம் படுத்துவிட்டதால் மதியத்துக்குமேல் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். பால்கனியைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வெயில் சாயும் நேரத்தில், தட்டு அளவுக்கு ஒரு வெளிச்சம் அடுப்படி வாசலில் தோன்றுமாம். சுவரோரமாக மெதுவாக நகர்ந்து, தையல் மிஷினைக் கடந்து, அவருடைய நாற்காலிக்கு வருமாம். அவர் மடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுமாம்.

"உங்க அக்கா வேலையெல்லாம் முடிச்சுட்டு வந்து எங்கிட்ட உக்கார்ற நேரம் அது" என்றார்.

"மாமா, பால்கனி பூராவும் டிஸ்க் தொங்குது. வெளிச்சம் வராம என்ன வரும்?"

"அதெல்லாம் சும்மா மினுக்கு மினுக்குன்னு ஓடும், சின்னவளே. இது ஓடாது. இது நடக்கும்."

"நல்லா சாப்பிட்டுத் தூங்குங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று அதட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வெயில் சாயும் நேரத்தில் அந்த வீட்டுக்குப் போவதைத் தவிர்த்தேன்.

இந்த நிலைமையில்தான் மாஸ்டர் வந்தார். அக்கா வேலை பார்த்த உடைப் பிரிவின் தலைவர். அவள் இறந்தபோது எங்கோ வெளியூர்ப் படப்பிடிப்பில் இருந்தார், வர முடியவில்லை. இப்போது கடைக்கே வந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு நானும் கடையில் இருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். மூக்கைச் சிந்திவிட்டு, ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்பதற்காக, அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"அந்தக் கப்பல் படத்தை அடிக்கடி போட்டுப் பாப்பீங்கல்ல? நல்ல வேளை, அதுலயாவது அவ இருக்கா."

"எந்தப் படத்துல? அவ எந்தப் படத்துலயும் வந்ததில்லையே" என்றார் மாமா.

"படத்துல இல்லைங்க. ரெண்டாவது டிஸ்க்குல. எங்க எல்லாரையும் உக்கார வச்சுப் பேட்டி எடுத்தாங்களே. உங்களைப் பத்தித்தான் பேசினா. என்னமோ சொன்னா, நாங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். என்ன சொன்னான்னுதான் இப்ப நினைப்பு வர மாட்டேங்குது. நீங்க பாத்திருப்பீங்களே?"

மாமாவின் கால் மேஜைக்குக் கீழே சாக்கு இருக்கும் இடத்தைத் துழாவுவதை நான் பார்த்தேன். அங்கே இப்போது சாக்கு இல்லை.

மாஸ்டர் போன பிறகு மாமா மெல்லச் சொன்னார்: "அந்தப் படம் கடைக்கு வந்த அன்னிக்குக் கேட்டா, சின்னவளே. 'பாத்தீங்களா'ன்னா. பாத்தேன்னேன். 'முழுசாவா'ன்னா. முழுசாத்தான்னேன். ஒரு மாதிரி சிரிச்சுட்டு உள்ள போயிட்டா. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல."

"அந்த ரெண்டாவது டிஸ்க் எங்க?"

"எங்கன்னு கேக்கறியே" என்றார். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து.

அன்று ஆரம்பித்தது தேடல். மாமாவுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் தன்னைப் பற்றி என்ன சொன்னாள்? கடையில் கப்பல் படத்தின் முதல் டிஸ்க் ஒரு வரிசையே இருந்தது. கப்பல் புறப்படும், புயல் வரும், கதாநாயகன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு நீந்துவான். அதில் அவள் தைத்த பொத்தான்கள் இருந்தன, அவள் இல்லை. புதிதாக வந்த பதிப்பை வாங்கினார். அதில் ஒரு டிஸ்க்தான், போனஸ் கிடையாது என்பதை ஒரு பெருமை போல அட்டையிலேயே போட்டு விலையைக் குறைத்திருந்தார்கள். என் செல்போனில் தேடினேன். படம் கிடைத்தது, படம் மட்டும். தயாரித்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடியாகிவிட்டது. மாஸ்டரிடமும் டிஸ்க் இல்லை, அது வெளிவந்தபோது கம்பெனி அலுவலகத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்ததோடு சரி.

கடைசியில் பழைய டிஸ்க் விற்கிற ஓர் ஆளைப் பிடித்து, இரண்டு டிஸ்க் உள்ள பழைய பெட்டியையே வரவழைத்தோம். தடிமனான அசல் பெட்டி. மாமா அதைப் பிரிக்கக் கூடக் கை வராமல் என்னிடம் நீட்டினார். திறந்தேன். இடது பக்கம் டிஸ்க். வலது பக்கம் வெறும் வட்டக் குழி. பெட்டிக்கு உள்ளே யாரோ ஒரு படக் கடையின் ரப்பர் முத்திரை.

"என்னை மாதிரியே ஒருத்தன்" என்றார் மாமா.

வேறு இரண்டு இடங்களில் வாங்கினோம். அவையும் அதே கதை. உலகத்தில் படக் கடை வைத்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே புத்தி. மூன்றாவது பெட்டியைத் திறந்து அந்த வெற்றுக் குழியைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில், "வெங்காயம் உரிக்கிறதைப் பாக்கணும்னு இப்ப தவம் கெடக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பால்கனியில் தொங்குவதை நான் நினைக்கவில்லையா? நினைத்தேன். முதல் நாளே கேட்டேன். "அது கல்யாணமான புதுசுல கட்டினது. இந்தப் படம் வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி" என்றார். நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

மாமாவுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள். மருந்தும் கஞ்சியும் கொடுத்துவிட்டுக் கிளம்ப நேரமாகிவிட்டது. அவர் உள்ளே தூங்கினார். நான் கூடத்தில் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அடுப்படி வாசலில் அது நின்றது.

பொய் சொல்ல மாட்டேன், பயத்தில் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். மற்ற டிஸ்க்குகளின் வெளிச்சமெல்லாம் கூரையிலும் சுவரிலும் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. இது ஓடவில்லை. வாசல்படியில் நின்றது, பிறகு தெரிந்தும் தெரியாமலும் நகர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த அக்காவின் படத்தைத் தொடவில்லை. தையல் மிஷின்மேல் ஏறியது, அதன் சக்கரம் ஒரு முறை மின்னியது. அங்கிருந்து இறங்கி மாமாவின் நாற்காலியை நோக்கி வந்தது. நாற்காலி காலியாக இருந்தது. காலி நாற்காலியில் அது வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு கூடவே ஆத்திரமும் வந்தது. இதற்குத்தானே அந்த மனிதர் தினமும் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறார்! இன்றைக்கே இதை அறுத்து எறிகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

எந்த டிஸ்க் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மற்றதெல்லாம் ஒற்றை நரம்பில் தொங்கிச் சுழன்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் சுழலவில்லை. மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். கீழ் நூல் பால்கனிக் கம்பியில் கட்டியிருந்தது. நைலான் இல்லை, தையல் நூல், நான்கு புரியாக முறுக்கியது. நடு ஓட்டையின் இரண்டு பக்கமும் கம்பளித் துணியில் பொத்தான் அளவுக்கு வட்டம் வெட்டி, டிஸ்க்கில் நூல் உரசாமல் வைத்துத் தைத்திருந்தது. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். என் பள்ளிக்கூடச் சட்டைகளிலெல்லாம் அந்த முடிச்சுதான் இருந்தது.

பக்கவாட்டில் வரும் சாய்வெயிலை வாங்கும்படி, பளபளக்கும் பக்கம் கூடத்தைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. எழுத்து அச்சடித்த பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது. கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி அதைப் படித்தேன். வெயிலில் வெளுத்திருந்தாலும் கப்பலின் பாய் தெரிந்தது. அதற்குக் கீழே 'டிஸ்க் இரண்டு'.

அவள் சாக்கிலிருந்து அதை எடுத்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் தினமும் டீ குடிக்கும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறாள். நீலச் சட்டையை மாட்டியது போலவே. மாட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்று, "பாவி, பாவி" என்று சொன்னேன். யாரைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

மாமாவை எழுப்பவில்லை. டிஸ்க்கின் முகம் கீறலும் புழுதியுமாக இருந்தது. புயலடித்த நாட்களில் கம்பியில் மோதியிருக்கும். போட்டால் ஓடாது. ஓடாத ஒன்றைக் காட்டி அவரைக் கொல்ல வேண்டாம் என்று என் கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணாடி வில்லைக்கும் டிஸ்க்குக்கும் ஏறக்குறைய ஒரே பிளாஸ்டிக்தான். நைசான பசையைத் தடவி, பஞ்சுச் சக்கரத்தில் தொட்டும் தொடாமலும் தேய்த்தேன். கொஞ்சம் அழுத்தினால் சூட்டில் எல்லாம் போய்விடும். தண்ணீரில் முக்கி, துடைத்து, மறுபடி தேய்த்து, என் முகம் அதில் தெரிகிற வரைக்கும் விடவில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரே ஜாடை என்பார்கள். அதில் தெரிந்தவளைப் பார்க்கப் பிடிக்காமல் உறைக்குள் போட்டுவிட்டேன். என் வீட்டில் டிஸ்க் ஓட்டும் பெட்டி கிடையாது, அதனால் முன்கூட்டியே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

காய்ச்சல் விட்ட பிறகு மாமாவிடம் எடுத்துப் போனேன். எங்கே கிடைத்தது என்று சொன்னதும் எழுந்துபோய் பால்கனியில் அறுந்து தொங்கிய நூலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "என் எதிர்லயா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டோம். கப்பல் வந்தது, பாட்டு வந்தது. யார் யாரோ பேசினார்கள். கப்பலைக் கட்டியவர், கடலை வரைந்தவர், தண்ணீரை ஊற்றியவர். மாமா முன்னால் குனிந்து, வாயைத் திறந்தபடி, ஒருத்தரையும் விடாமல் பார்த்தார். அப்புறம், எந்த அறிவிப்பும் இல்லாமல், ஒரு தகரப் பெட்டியின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. காலரில் வரிசையாக ஊசிகள். அவள் என்னைவிடச் சின்னவளாக இருந்தாள்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "இந்தப் படத்துல உங்க பங்கு என்னங்க?" என்று கேட்டது.

"பட்டன்தான். பிய்யப் பிய்யத் தைக்கிறேன். ஹீரோ பெருமூச்சு விடுற காட்சின்னா எனக்குத்தான் பயம்."

அவள் குரல். இரண்டு வருடமாக எனக்கு நினைவிலிருந்தது அந்தக் குரல் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வேறு ஏதோ ஒரு குரலை அவளுடையது என்று நினைத்து வைத்திருந்திருக்கிறேன்.

"வீட்டுல இதெல்லாம் பாப்பாங்களா?"

"எங்க வீட்டுக்காரர் படக் கடையே வச்சிருக்கார். ஆனா நீங்க எடுக்கிறீங்களே, இதை மட்டும் பாக்க மாட்டார். உருவிச் சாக்குல போட்டுடுவார்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரின் சிரிப்பு தனியாகக் கேட்டது. மாமாவும் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்து, "கேட்டியா அவ வாயை" என்றார். அந்த ஒரு நிமிஷத்தோடு அந்த டிஸ்க் நின்றிருக்கலாம்.

"அப்ப அவருக்குத் தெரியாத ரகசியம் ஏதாவது சொல்லுங்க" என்றது குரல்.

அக்கா யோசித்தாள். கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு வலது கையின் இரண்டு விரலை நீட்டி, அதில் ஊசியைக் குத்தினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "இந்த ரெண்டு விரலும் கொஞ்ச நாளா செத்துப் போச்சு. குத்தினாலும் தெரியல. ஊசி தானா நழுவுது. அவர்கிட்ட சொல்லல. சொன்னா கடையைச் சாத்திட்டு என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவார். படம் முடியட்டும்."

இதற்கும் யாரோ சிரித்தார்கள். கடையைச் சாத்திவிட்டு மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளை நினைத்துச் சிரித்திருப்பார்கள். அவளும் சிரித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் நேராக எங்களைப் பார்த்தாள்.

"ஒருவேளை பாத்துட்டீங்கன்னா, பாத்தேன்னு சொல்லுங்க. அன்னிக்கே போலாம்."

அவ்வளவுதான். அடுத்து ஒருவர் வந்து பாய்மரத்துக்கு எந்தச் சாயம் அடித்தோம் என்று விளக்க ஆரம்பித்தார்.

அக்கா, 'எனக்குக் கோபமே வராது' என்று இருந்தவளே, எனக்கு வந்த கோபத்தில் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்து என்னவெல்லாம் திட்டினேன் என்று உனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன? எங்களில் யார் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டோம்? கேட்டுக்கொண்டே திரும்பினால், மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். சாயக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் சாயக்காரர்மேல் இல்லை, அவர் வருவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த இடத்தின்மேல் இருந்தது.

"பாத்துட்டேன்" என்றார். சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். "பாத்துட்டேன்மா. கிளம்பு, போலாம்."

நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றைக்குப் பிறகு 'எங்கிட்ட சொல்லலையே' என்ற பேச்சு அவர் வாயில் வரவே இல்லை. அது வராமல் போனதில் எனக்கு நிம்மதி இல்லை. அவளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவரைக்கும் அவருக்கு ஒரு துணை இருந்தது.

அப்போதே போயிருந்தால் பிழைத்திருப்பாளா? ஒரு நாள் தைரியமாக டாக்டரிடமே போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதை மாமாவிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

இப்போது அவர் பால்கனிக் கொடியை அவிழ்த்துவிட்டார். தொங்கிய டிஸ்க்குகளையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறார். மிக மோசமானவற்றை என்னிடம் கொடுத்துத் தேய்த்து வாங்குகிறார். மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். யாரோ ஒரு மேக்கப்காரர், யாரோ ஒரு டிரைவர், சமையல் செய்து போட்ட யாரோ ஓர் அம்மா பேசுவதை முன்னால் குனிந்து, வாயைத் திறந்தபடி கேட்கிறார். சில டிஸ்க்குகள் பாதியில் நின்றுவிடும். அப்போதெல்லாம் தவித்துப் போகிறார்.

"இவங்கல்லாம் நமக்கு யார் மாமா?" என்று கேட்டேன்.

"யார் யாருக்கு என்ன சொல்லி வச்சிருக்காங்களோ, நமக்கு என்ன தெரியும்? ஒருத்தராவது பாத்துடணும்ல" என்றார்.

வெயில் சாயும் நேரத்தில் இப்போது நான் பயமில்லாமல் அங்கே போகிறேன். சுவரில் ஒன்றும் நகர்வதில்லை. பழக்கதோஷத்தில் அடுப்படி வாசலை ஒரு முறை பார்த்துக்கொள்வேன். பால்கனியில் புறாக்கள் திரும்ப வந்து முழுக்க அசிங்கம் பண்ணி வைத்திருக்கின்றன. நாங்கள் விரட்டுவதில்லை.